இன்சுலின் டோஸ் மாறிப்போச்சு, குடும்பத்துகிட்ட யார் சொல்றது?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன் சிஸ்டர். படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் புரியணும்ல, அதனால சுருக்கமா திருப்பி சொல்லிடறேன். கடலூர்ல ஒரு சின்ன நர்சிங் ஹோம். எழுபது வயசு தாண்டின பெரியவர், ரொம்ப வருஷத்து சுகர் பேஷண்ட், காய்ச்சல்னு அட்மிட் ஆனவர். வீட்டுல பேனாவுல இன்சுலின் போட்டுக்கறவர், ஆனா அவசரத்துல கார்ட்ரிட்ஜை, அதாவது பேனாவுக்குள்ள போடற மருந்துக் குழாயை மட்டும் கொண்டு வந்திருக்காங்க, பேனா வீட்டுலயே தங்கிடுச்சு. நைட் டூட்டி பொண்ணு அந்த கார்ட்ரிட்ஜ்ல இருந்து வார்டுல கிடந்த சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 யூனிட் இழுத்து போட்டுட்டா. விடியக்காலைல பெரியவருக்கு வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டா பதில் இல்ல, சுகர் பார்த்தா 38க்கு இறங்கியிருக்கு. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏத்தி ஐசியூல வச்சு, நல்லவேளை மனுஷன் எழுந்துட்டார். காலைல டூட்டி மாத்தும்போது ட்ரேயில சிரிஞ்சையும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்துப் பார்த்து என்ன நடந்திருக்கும்னு கண்டுபிடிச்சது நீங்கதான், உடனே சீஃப் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டீங்க. அவர் குடும்பத்துகிட்ட "வயசானவங்களுக்கு சுகர் இப்படி இறங்கறது சகஜம்"னு சொல்லி, டோஸை 20ல இருந்து 10 ஆக்கி டிஸ்சார்ஜ் பண்ணிட்டார். கிளம்பும்போது பெரியவரோட பொண்ணு உங்க கையைப் பிடிச்சுகிட்டு "உண்மையா என்ன ஆச்சு சிஸ்டர்?"னு கேட்டிருக்காங்க, நீங்க "டாக்டரைக் கேளுங்கம்மா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டீங்க. அதுல இருந்து தூக்கம் இல்ல, நான் சொல்லியிருக்கணுமா, சொன்னா வேலை போயிடுமான்னு கேக்கறீங்க.

கேள்வி "சொல்லணுமா"ன்னு இருந்தாலும், அந்தக் குடும்பத்துக்கு உண்மை தெரியணும்ங்கிறதுல உங்களுக்கு சந்தேகமே இல்லன்னு எழுத்துலயே தெரியுது. நீங்க நிஜமா கேக்கறது, சொல்ற பொறுப்பு யாரோடது, அந்த ஆள் வாயைத் திறக்கலைன்னா ஒரு நர்ஸ் எதுவரைக்கும் போகலாம், அதுதான். நான் பாண்டில தனியார் ஆஸ்பத்திரிகள்ல ஸ்டாஃப் நர்ஸா இருந்து, வார்டு இன்சார்ஜ் ஆகி, அப்புறம் பல வருஷம் குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இந்த மாதிரி இன்சிடென்ட் பேப்பர்தான் பார்த்துட்டு இருந்தேன், இப்ப நர்சிங் பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். வக்கீல் இல்ல. சட்டம்னு கீழ எழுதறது வேலைல பழகி தெரிஞ்சுகிட்டது, உங்க கேஸுக்குன்னு முடிவு எடுக்கணும்னா ஒரு வக்கீல்கிட்ட போய் உக்காருங்க.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். நம்ம ஊர்ல இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜ் ஒரு எம்எல்லுக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு அளவு போட்டது, ஆரஞ்சு மூடி 100க்கு. சிவப்பு மூடி சிரிஞ்சுல 20ங்கிற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது அரை எம்எல். அந்த அரை எம்எல் கார்ட்ரிட்ஜ்ல இருந்து வந்திருந்தா அதுல இருக்கிறது 50 யூனிட். அதாவது ரெண்டரை மடங்கு. ராத்திரில காய்ச்சலோட, சரியா சாப்பிடாம இருந்த ஒரு வயசானவருக்கு 50 யூனிட் போனா சுகர் 38க்கு வர்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. இதை யாரும் "காம்ப்ளிகேஷன்"னு சொல்ல முடியாது. காம்ப்ளிகேஷன்னா எல்லாம் ஒழுங்கா பண்ணியும் வர்றது, பித்தப்பை ஆபரேஷன் பண்றப்போ நல்ல சர்ஜன் கையிலயும் எப்பவாவது பித்தக்குழாய்ல காயம் படறது மாதிரி. அங்க கூட என்ன ஆச்சுன்னு சொல்லித்தான் ஆகணும், ஆனா அது வேற பேச்சு. இங்க நடந்தது மருந்து அளவு மாறினது. அதே நேரத்துல இது அந்த நைட் டூட்டி பொண்ணோட அலட்சியம்னு ஒரே வார்த்தைல முடிக்கவும் நான் தயாரா இல்ல. ரெண்டு வலிமைல இன்சுலின் புழங்கற வார்டுல ஒரே வகை சிரிஞ்சு மட்டும் வச்சது யாரு, வீட்டுல இருந்து வந்த மருந்தை செக் பண்ணாம வாங்கி வச்சது யாரு, இன்சுலின் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் பார்க்கணும்ங்கிற வழக்கம் நைட்ல ஏன் இல்ல, ஒரே ஆள் எத்தனை பெட் பார்த்தா, இதெல்லாம் கேட்காம அவ பேரை மட்டும் எழுதிட்டா அடுத்த மாசம் வேற பேர்ல இதே நடக்கும்.

சந்தேகம் இருக்கிற இடம், பெரியவருக்கு அதுக்கப்புறம் ஞாபகம் கொஞ்சம் தடுமாறுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது. சுகர் இறங்கினதோட மிச்சமா இருக்கலாம், காய்ச்சலோட குழப்பமா இருக்கலாம், முன்னாடியே இருந்து யாரும் கவனிக்காததா கூட இருக்கலாம். எவ்வளவு நேரம் 38ல கிடந்தார்ங்கிறது தெரியாம இங்க இருந்து நான் எதுவும் சொல்ல முடியாது, ஒரு பிசிஷியன் நேர்ல பார்க்கணும். குடும்பத்துகிட்ட பேசும்போதும் இந்தப் பிரிவினை முக்கியம். டோஸ் மாறினது உறுதி, ஞாபகத் தடுமாற்றம் அதனாலதானாங்கிறது இன்னும் தெரியல. ரெண்டையும் ஒண்ணா குழைச்சு சொன்னா ஒண்ணு ரொம்ப பயமுறுத்தற மாதிரி ஆகும், இல்லன்னா மழுப்பற மாதிரி ஆகும்.

இப்ப எனக்கு உங்க கேள்வியில ரொம்ப உறுத்தறது அந்த 10 யூனிட்தான். உண்மையை மறைச்சா நம்பிக்கை போகும், மரியாதை போகும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா அதை விட நேரடியான ஒரு கெடுதல் இருக்கு. பொய்யான காரணம் வீட்டுக்குப் போனா அதுக்கு ஏத்த மாதிரி வைத்தியமும் மாறும். அந்த வீட்டுல இப்ப என்ன நினைச்சிட்டு இருப்பாங்க? அப்பாவுக்கு 20 யூனிட் ஒத்துக்கல, 20 போட்டா உயிர் போகப் பார்த்துச்சு. அவருக்கு வருஷக்கணக்கா ஒத்துகிட்டு இருந்த டோஸ் அது. இனிமே வேற எந்த டாக்டர் 20ன்னு எழுதினாலும் பயந்து போட மாட்டாங்க, சுகர் 400ல நிக்கும். சீஃப் சாப்பாடு குறைஞ்சிருக்குன்னு யோசிச்சு தற்காலிகமா கூட 10 ஆக்கியிருக்கலாம், அது அவரோட கணக்கு, அதுல நான் தலையிடல. ஆனா ஏன் குறைச்சோம், எப்ப திரும்ப ஏத்தணும்னு குடும்பத்துக்கு சொல்லணும்னா நடந்ததை சொல்லாம எப்படி சொல்லுவார்? இன்னொண்ணு, நாளைக்கு வீட்டுல பேனா ஒடைஞ்சா பெரியவரோட பொண்ணே மெடிக்கல் ஷாப்ல ஒரு சிரிஞ்சு வாங்கி கார்ட்ரிட்ஜ்ல இருந்து இழுத்துப் போடுவாங்க, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கறது சிவப்பு மூடியா இருந்தா கதை முடிஞ்சது. வார்டுல நடந்தது அதேதான்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு ஜென்மத்துக்கும் அதைப் பண்ண மாட்டாங்க. இது போக, அந்தப் பொண்ணு இந்நேரம் தன்னையே திட்டிட்டு இருப்பாங்க, நான் அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லி கூட ஊட்டியிருந்தா இப்படி ஆயிருக்காதோன்னு. நாங்க பேசின குடும்பங்கள்ல இந்தப் பேச்சு வராத குடும்பம் குறைவு.

இதே கெடுதல் ரெஃபரல் லெட்டர்லயும் நடக்கும், சொல்லாம போக மனசு வரல. நம்ம பக்கம் கை மீறிப் போச்சுன்னா ஆம்புலன்ஸ்ல ஏத்தி கோரிமேடு ஜிப்மருக்குதான் அனுப்பறோம். லெட்டர்ல "சடன் டிடீரியரேஷன்"னு, அதாவது திடீர்னு மோசமாயிட்டார்னு ஒரு வரி. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஒண்ணும் இருக்காது. கேஷுவாலிட்டில இருக்கிற டூட்டி டாக்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு துப்பறியற வேலை பார்க்கணும். அங்க போற ஒவ்வொரு நிமிஷமும் பேஷண்ட் கணக்குலதான் போகுது.

அப்ப டாக்டர்ங்க ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? எல்லாரையும் கெட்டவங்கன்னு சொல்லிட்டா சுலபம், ஆனா அப்படி இல்ல. முதல் பயம் ஆள் கூடிடும்ங்கிறது. அது வெறும் கற்பனை இல்ல, ஆஸ்பத்திரி மேல தாக்குதல் நடத்தறதைத் தடுக்க தமிழ்நாட்டுல 2008ல தனிச் சட்டமே போட வேண்டி வந்துச்சு. ரெண்டாவது கேஸ் பயம். மூணாவது வெளிய தெரியாத ஒண்ணு, கேஸ் வந்தா நஷ்டஈடு கொடுக்கன்னு டாக்டர்ங்க எடுக்கற இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் பாலிசில வழக்கமா ஒரு நிபந்தனை இருக்கும், கம்பெனி சம்மதம் இல்லாம பொறுப்பை ஒத்துக்கக் கூடாதுன்னு. அதைப் படிச்ச டாக்டர் "சாரி"ன்னு ஒரு வார்த்தை சொல்லவே யோசிப்பார். வெளிநாடுகள்ல இதுக்கு வழி பண்ணிட்டாங்க, இங்கிலாந்துல 2006லயே மன்னிப்பு கேட்டா அது மட்டுமே பொறுப்பை ஒத்துகிட்டதா ஆகாதுன்னு சட்டத்துல எழுதிட்டாங்க, 2014 நவம்பர்ல இருந்து அங்க அரசு ஆஸ்பத்திரிகள் பேஷண்டுக்கு கெடுதல் நடந்தா நேர்லயும் அப்புறம் எழுத்துலயும் சொல்லியே ஆகணும்னு கட்டாயமும் ஆயிடுச்சு. நம்ம நாட்டுல அந்த மாதிரி மன்னிப்புக்கு பாதுகாப்பு கொடுக்கற தனிச் சட்டம் இல்ல, அதனால அவங்க பயத்துக்கு ஒரு காரணம் இருக்குன்னு ஒத்துக்கணும்.

ஆனா சொன்னா கேஸ் கூடும்ங்கிற கணக்கு சரியான்னு கேட்டா, அமெரிக்காவுல மிச்சிகன் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரில 2001ல இருந்து தாங்களே முன்வந்து சொல்லி, மன்னிப்பு கேட்டு, தங்க பக்கம் தப்புன்னா ஈடும் கொடுக்கற முறையைக் கொண்டு வந்தாங்க. 2010ல வந்த ஆய்வுல, கோர்ட்டுக்குப் போன வழக்கு மாசத்துக்கு சராசரியா லட்சம் பேஷண்ட் வருகைக்கு 2.13 இருந்தது 0.75க்கு இறங்கியிருந்துச்சு. இதை அப்படியே கடலூருக்குத் தூக்கிட்டு வர முடியாது, அங்க ஆஸ்பத்திரியே டாக்டருக்கு சம்பளம் கொடுத்து இன்ஷூரன்ஸும் தானே பார்த்துக்குது, இங்க விசிட்டிங் கன்சல்டன்ட் ஒருத்தர், ஓனர் ஒருத்தர், நர்ஸுக்கு ஒண்ணும் கிடையாது. என் அனுபவத்துல நான் பார்த்தது இவ்வளவுதான், உக்கார வச்சு சொன்னப்போ கத்தினவங்க உண்டு, அழுதவங்க உண்டு, பில்லைக் கிழிச்சுப் போட்டவங்க உண்டு, ஆனா ஆளைக் கூட்டிட்டு வந்தது பெரும்பாலும் அவங்களா வேற வழில கண்டுபிடிச்சப்போதான். கார்ட்ரிட்ஜ், சிரிஞ்சு, சார்ட், ஐசியூ பில் எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கிற ஒரு விஷயத்தை மறைக்கறது முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுதான், பெரியவரோட சொந்தக்காரங்கள்ல ஒரு நர்சிங் படிக்கிற பிள்ளை இருந்தா போதும்.

சரி, யார் சொல்லணும்? வைத்தியம் பார்த்த சீஃப்தான். நீங்க தனியா இல்ல, அந்த நைட் டூட்டி பொண்ணு நிச்சயமா இல்ல. கூட குடும்பத்துக்கு முகம் தெரிஞ்ச ஒரு நர்ஸ் இருக்கலாம், அது நீங்களா இருந்தா நல்லது. வராண்டால நின்னுகிட்டு, கேஷ் கவுண்டர் பக்கத்துல வச்சு எல்லாம் சொல்லக் கூடாது, ரூம்ல நாலு நாற்காலி போட்டு உக்காரணும். நம்ம ஊர் பழக்கம் ஒண்ணு இருக்கு, பேஷண்டை விட்டுட்டு மகன்கிட்ட, மகன் துபாய்ல இருந்தா போன்ல, மாப்பிள்ளைகிட்ட எல்லாம் சொல்லுவோம், படுத்திருக்கிற ஆளுக்கு கடைசிவரைக்கும் ஒண்ணும் தெரியாது. பெரியவர் சுயநினைவோட இருக்கார்னா உடம்பு அவரோடது, முதல்ல அவர்கிட்ட சொல்லணும், அவர் சம்மதத்தோட பொண்ணும் கூட இருக்கட்டும். வார்த்தை எப்படி இருக்கணும்னா கிட்டத்தட்ட இப்படி. "ஐயா, அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு 20 யூனிட் போட வேண்டியது. நீங்க கொண்டு வந்த மருந்து பேனாவுல போடறது, எங்க ஸ்டாஃப் அதை வேற அளவு சிரிஞ்சுல எடுத்ததால 50 யூனிட் போயிடுச்சு. அதனாலதான் சுகர் அப்படி இறங்குச்சு. இது எங்க பக்கம் நடந்த தப்பு, உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். நீங்க சாப்பிடாததாலயோ உங்க பொண்ணு கவனிக்காததாலயோ வந்தது இல்ல. இத அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப டோஸ் இப்படி வச்சுக்கலாம், சுகரை இத்தனை தடவை பார்க்கணும். இது எப்படி நடந்துச்சுன்னு விசாரிச்சிட்டு இருக்கோம், வெள்ளிக்கிழமை திரும்ப உக்காந்து சொல்றோம்." இவ்வளவுதான். இதுக்கு மேல பேசாம அவங்க பேசறதைக் கேக்கணும், அது கஷ்டமான பகுதி, டாக்டர்ங்க அந்த நேரத்துல லெக்சர் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. "சின்ன விஷயம்தான்", "எங்க ஆஸ்பத்திரில இப்படி நடந்ததே இல்ல", "நீங்க பேனா கொண்டு வந்திருந்தா", இந்த மூணும் வாயில வரக் கூடாது. வெள்ளிக்கிழமைன்னு சொன்னா வெள்ளிக்கிழமை கூப்பிடணும். அப்புறம் ஐசியூ பில். நம்ம தப்பால ஏறின ஒரு நாள் ஐசியூவுக்கு அவங்ககிட்டயே காசு வாங்கியிருந்தா அதைத் திருப்பிக் கொடுக்காம கேக்கற மன்னிப்பை யாரும் நம்ப மாட்டாங்க, நானும் நம்ப மாட்டேன்.

உங்க பங்கு என்னன்னா, முதல் வேலை எழுத்து. நர்ஸ் நோட்ஸ்ல அன்னிக்கு விட்டுப் போயிருந்தா இன்னிக்கு தேதி, நேரம் போட்டு, லேட் என்ட்ரின்னு, அதாவது பின்னாடி எழுதினதுன்னு தெளிவா குறிச்சு, நீங்க கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. இத்தனை மணிக்கு ட்ரேயில இன்ன சிரிஞ்சு, இன்ன கார்ட்ரிட்ஜ் பார்த்தேன், இத்தனை மணிக்கு டாக்டர்கிட்ட சொன்னேன். "அலட்சியம்", "கவனக்குறைவு" மாதிரி வார்த்தை வேண்டாம், அது உங்க தீர்ப்பு. பழைய எழுத்தை அடிக்கறதோ வெள்ளை பூசறதோ கூடவே கூடாது, யார் சொன்னாலும் சரி, அது வேற குற்றமாயிடும். இன்சிடென்ட் ஃபார்ம்னு ஒண்ணு உங்க இடத்துல இல்லன்னா நர்சிங் இன்சார்ஜுக்கோ நிர்வாகத்துக்கோ ஒரு பக்க லெட்டர், நீங்க எழுதின அந்த லெட்டரோட காப்பி உங்ககிட்ட இருக்கட்டும். கேஸ் ஷீட்டை போன்ல படம் எடுத்து வச்சுக்காதீங்க, அது பேஷண்டோட அந்தரங்கம், நாளைக்கு உங்க மேலயே திரும்பும்.

ரெண்டாவது, சீஃப்கிட்ட திரும்பப் போங்க. நியாயம், மனசாட்சின்னு ஆரம்பிச்சா அவர் காது மூடிக்கும். டோஸ்ல இருந்து ஆரம்பிங்க. "சார், 20ல இறங்குச்சுன்னு அவங்க நினைச்சிட்டு இருக்காங்க, போனது 50. வீட்டுல 10லயே நிறுத்திட்டா சுகர் ஏறிடும், சிரிஞ்சு மாத்திப் போட்டாலும் ஆபத்து, ரிவ்யூவுக்கு சீக்கிரமா கூப்பிட்டு நீங்களே சொல்லிடுங்க சார், நான் கூட இருக்கேன்." இப்படி சொன்னா பாதிப் பேர் ஒத்துக்குவாங்க, அவர் உள்ளுக்குள்ள உறுத்தலோடதான் இருப்பார்.

ஒத்துக்கலைன்னா? இங்கதான் என் கருத்தும் மத்த சீனியர்ஸ் கருத்தும் பிரியும். பல பேர் "நர்ஸ் தாண்டிப் போகக் கூடாது, எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கிடு"ன்னு சொல்லுவாங்க. நான் சொல்றது, பொய் மட்டும் சொல்லாதீங்க. பெரியவரோட பொண்ணு திரும்பக் கேட்டா, "அன்னிக்கு இன்சுலின் அளவுல ஒரு விஷயம் நடந்துச்சு, அதை டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க, கேஸ் ஷீட் காப்பி எழுத்துல கேட்டு வாங்குங்க"ன்னு சொல்லுங்க. அது அவங்க உரிமை. 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ரெக்கார்டை 3 வருஷம் வச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும். அதோட பெரியவருக்கு இப்ப ஆபத்துன்னு தெரிஞ்சா, உதாரணத்துக்கு வீட்டுல சிரிஞ்சுல போட ஆரம்பிச்சிருக்காங்கன்னு காதுல விழுந்தா, அப்ப யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம், சிவப்பு மூடி சிரிஞ்சுல அந்த மருந்தைத் தொடாதீங்கன்னு நேரா சொல்லிடுங்க.

சட்டத்துல உங்க பயத்துக்கு ரெண்டு வார்த்தை. காசு வாங்கற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, குடும்பம் 2 வருஷத்துக்குள்ள நுகர்வோர் கமிஷன் போகலாம், போனா ஸ்டாஃப் பண்ணதுக்கு பதில் சொல்ல வேண்டியது முக்கியமா ஆஸ்பத்திரிதான். போலீஸ், ஜெயில்னு அந்த நைட் டூட்டி பொண்ணை யாரோ பயமுறுத்தியிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. கவனக்குறைவால மரணம்ங்கிற பிரிவு உயிர் போனா மட்டும்தான் வரும், பெரியவர் உயிரோட இருக்கார். காயத்துக்கு வேற பிரிவுகள் இருக்கு, ஆனா வைத்தியத்துல நடக்கற எல்லா தப்பும் கிரிமினல் ஆகாது, மிக மோசமான கவனக்குறைவா இருக்கணும்னு 2005ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணைக் கொஞ்சம் தனியா விடாதீங்க, அடுத்த சில வாரம் நைட்ல இன்சுலின் எடுக்கும்போது அவ கை நடுங்கும், கூட ஒருத்தர் நின்னு பார்த்தா அவளுக்கும் நல்லது, பேஷண்டுக்கும் நல்லது.

வேலை போகுமான்னா, போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சின்ன நர்சிங் ஹோம்ல காரணமே சொல்லாம டூட்டி லிஸ்ட்ல பேர் இல்லாம பண்ணிடுவாங்க, அதையும் பார்த்திருக்கேன். அனுபவ சர்டிபிகேட், ஒரிஜினல் சர்டிபிகேட் எதாவது அவங்ககிட்ட மாட்டியிருந்தா முதல்ல அதை வாங்கிக்குங்க, அப்புறம் லெட்டர் கொடுங்க. கடலூர், பாண்டி ரெண்டுலயும் நர்ஸுக்கு ஆள் தேடாத ஆஸ்பத்திரி இல்ல. ஆனா சீஃப்கிட்ட போறதைத் தள்ளிப் போடாதீங்க, டிஸ்சார்ஜ் சம்மரில ரிவ்யூ தேதி என்னன்னு பாருங்க, ரெண்டு வாரம் கழிச்சுன்னு இருந்தா இந்த வாரமே சுகர் செக் பண்ண வரச் சொல்லி ஆஸ்பத்திரில இருந்து ஒரு போன் போட வைங்க, வரும்போது கார்ட்ரிட்ஜோட பேனாவையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.